பெடலைத் திருப்பத்தான் குனிந்தேன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று எட்டு வருஷம் தள்ளிப்போட்டேன். மூன்று தடவை நோட்டை எடுத்துப் பிள்ளையார் சுழி போட்டேன். மூன்று தடவையும் சுழியோடு நின்றது. சோம்பல் இல்லை, பயம். எழுதினால் ஒருத்தியின் பிழைப்பு போய்விடுமோ என்று ஒரு பயம். அம்மன் பேரைச் சொல்லி நான் விட்ட புளுகு வெளியே வந்துவிடுமே என்று இன்னொரு பயம். இரண்டாவது பயம்தான் பெரிது. அதை முதலில் சொல்ல வெட்கமாக இருந்தது.

நகரி, புத்தூர், திருப்பதி, சித்தூர்ப் பக்கம் கோயில் மேடையிலும் கல்யாண வரவேற்பிலும் கீபோர்டு வாசிக்கிற தம்பிகளே, தங்கைகளே! நீங்கள் அம்மன் பாட்டு வாசிக்கும்போது இரண்டாவது சரணம் வந்ததும் இரண்டு கையையும் எடுத்துவிட்டு, தரையைத் தொடுகிற மாதிரி குனிந்து எழுகிறீர்கள். போன ஆடியில் ஒரு தங்கையைக் கேட்டேவிட்டேன்.

"இன்னாத்துக்கும்மா குனியுற?"

"மொறை அண்ணா அது. பெரியவங்கல்லாம் அப்பிடித்தான் குனிவாங்களாம். அம்மன் எறங்குற எடமாம்."

அந்தப் பெரியவங்க நான்தான். அம்மன் இறங்கினாளா என்பது அவளுக்குத்தான் தெரியும். நான் இறங்கியது பெடலைத் திருப்ப.

எப்படி என்று சொல்கிறேன். நடுநடுவே எந்தப் பெடல் வாங்குவது என்று நீங்கள் எப்போதும் கேட்கிற கேள்விக்கும் பதில் வரும். பத்தாவது தாண்டாதவன் எழுதுவது, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கீபோர்டு என்றால் சரஸ்வதி. வெறும் பேச்சுக்கு இல்லை. உறையைப் பிரித்ததும் கண்ணில் ஒற்றிக்கொள்வேன், குங்குமம் வைப்பேன், அப்புறம்தான் சுவிட்ச். அப்படிப்பட்டவனிடம் வந்து காலால் மிதிக்கிற ஒரு சாமானை வாங்கு என்றால்? பல வருஷம் பெடலில் காலே வைக்கவில்லை. சுரத்தை நீட்டிப் பிடிக்கிற சஸ்டெயின் பெடல் கீபோர்டோடு சும்மா வந்தது, அதைப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் மேல் வைத்து இடது முழங்கையால் அமுக்கினேன். எங்கள் ஆர்கெஸ்ட்ராவை நடத்திய பாபுவுக்கு அதைப் பார்த்தாலே எரியும்.

"யோவ் சாமியாரே, கோழி றெக்கை அடிச்சுக்கிற மாதிரி இன்னாய்யா அது? கல்யாண வீட்டுக்காரன் உனக்கு வலிப்புன்னு நெனச்சு சாவி எடுத்துக்கினு வர்றான்."

சத்தத்தை ஏற்றி இறக்குவதும் கையால்தான். பாடகர் வாயைத் திறந்தால் இடது கையை எடுத்து வால்யூம் குமிழைக் குறைப்பேன். குறைக்கிற நேரம் இடது கை மூன்று சுரமாகச் சேர்த்து வாசிக்கவேண்டிய கார்ட்ஸ் காணாமல் போகும். பாட்டில் அங்கங்கே பல் விழுந்த மாதிரி ஓட்டை. இருந்தாலும் காலை வைக்கமாட்டேன். அது பக்தி என்று நினைத்தேன். பாதி பக்தி, பாதி வீம்பு என்று இப்போது தெரிகிறது.

சரளா விஷயம் வந்த பிறகுதான் ஆட்டம் கண்டேன்.

சரளா எங்கள் குழுவின் பாடகி. பதினைந்து வருஷமாக நான் வாசிக்க அவள் பாடியிருக்கிறாள். அம்மன் பாட்டுக்கு அவளை விட்டால் இந்தப் பக்கம் ஆள் கிடையாது. அவளுக்குக் கழுத்தில் தைராய்டு ஆபரேஷன் ஆனது. உயிருக்கு ஒன்றும் இல்லை, சுருதியும் போகவில்லை. ஆனால் குரலின் கனம் பாதியாகிவிட்டது. மேலே போனால் நூல் மாதிரி மெலிந்தது. வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

மைக்கை ஏற்று என்பீர்கள். ஏற்றினோம். ஒரு அளவுக்கு மேல் போனால் ஸ்பீக்கர் கூவியது. அப்படியானால் மற்றவர்கள் இறங்கவேண்டும். டோலக் அண்ணன் இறங்கினார், எலக்ட்ரானிக் டிரம் பேடு வாசிக்கிறவர் இறங்கினார். நான்? வயலின் கூட்டம் மாதிரி ஒலிக்கிற ஸ்ட்ரிங்ஸை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணா, கோச்சுக்காத," என்றாள் சரளா ஒரு நாள் வேனில். "உன் ஸ்ட்ரிங்ஸு இருக்குதே, கெணத்து மேல மூடி போட்ட மாதிரி இருக்குது. நான் உள்ள இருந்துக்கினு கத்திக்கினு இருக்கேன்."

பாபு அடுத்த வாரமே தேதி வைத்துவிட்டான்.

"நான் இன்னா பண்ணட்டும் சாமியாரே? கோயில் கமிட்டிக்காரன் கடைசி வரிசையில நின்னுக்கினு கேக்குறான், அந்தம்மா பாடுதா, சும்மா வாய் அசைக்குதான்னு. வெள்ளிக்கெழம புத்தூர் புரோக்ராம். கடைசி வரிசைக்குக் கேட்டுச்சா, சரளா இருக்கட்டும். கேக்கலியா, சித்தூர்ப் பொண்ணுக்கு போன் போட்டுருவேன். அப்பறம் என்னைய பாவின்னு சொல்லக்கூடாது."

வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரி கோமளா நகரி நெசவுக்காரக் குடும்பம். விஷயத்தைக் கேட்டாள். இரண்டு கையும் வேலையாக இருக்கிறது, மிச்சம் இருப்பது கால்தான், ஆனால் சரஸ்வதியைக் காலால் எப்படி என்று சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் தறி நின்றிருக்கும்.

"எங்க நைனா வாழ்நாள் பூரா இன்னா பண்ணாரு? குழியில கால வுட்டுக்கினு தறி மெதிச்சாரு. ஆயுத பூஜ வந்தா அந்த மெதிக்கிற கட்டைக்குத்தான் மொதல் குங்குமம். நம்ம கல்யாணத்துல கட்டிக்கினு வந்தியே வேட்டி, அது கையாலயே நெஞ்சதுன்னு நெனச்சியா?"

"அது தறி. இது சரஸ்வதி."

"அய்ய, தறி மட்டும் இன்னா சாராயக் கடையா? கால நல்லா கழுவிக்கினு மெதி. உன் காலப் பாத்து சரஸ்வதி ஓடிப்போயிட மாட்டா. சோத்தத் துன்னு மொதல்ல."

சாப்பிட்டேன். மறுநாள் காலையில் திருப்பதிக்குப் பஸ் ஏறினேன்.

கடைக்காரர் தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார். இரண்டு பெடலை எடுத்து முன்னால் வைத்தார். பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி, தையல் மிஷின் மிதிக்கட்டையைச் சின்னதாக்கின மாதிரி இருந்தன. ஆனால் வேலை வேறு. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வால்யூம் பெடல் என்பது தண்ணீர்க் குழாயின் நடுவில் வைத்த திருகு. கீபோர்டிலிருந்து வருகிற சத்தம் அதற்குள் புகுந்து, நீங்கள் விடுகிற அளவுக்கு வெளியே போகும். எக்ஸ்பிரஷன் பெடலுக்குள் சத்தம் போவதே இல்லை. அது கீபோர்டின் பின்னால் தனி ஓட்டையில் சொருகிக்கொண்டு, 'ஏற்று, இறக்கு' என்று சொல்லி அனுப்புகிற ஆள். முன்காலை அழுத்தினால் 'ஏற்று', குதிகாலை அழுத்தினால் 'இறக்கு'. அவ்வளவுதான்.

கேட்டதும் எனக்குப் பளிச்சென்று ஆனது.

"அப்போ இந்த வால்யூம் பெடல்ல சத்தம் என் கால் அடியில பூந்து போவுது. இன்னொண்ணுல வெறும் சேதிதான் போவுது. சரியா?"

"அவுனு ஸ்வாமி," என்று தலையாட்டினார்.

"அப்போ ரெண்டாவது. நாதம் கால் அடியில போவக்கூடாது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஸ்வாமி, ரெண்டுலயும் லோப்பல தேவுடு லேடு. உள்ள சாமி இல்ல, கரெண்டுதான் இருக்குது."

தப்பான காரணத்துக்குச் சரியான பெடலை வாங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். உங்களுக்குச் சரியான காரணம் சொல்கிறேன். கடையில் கிடைக்கிற வால்யூம் பெடலில் பாதிக்கு மேல் கிட்டாருக்கென்று செய்தவை. அவற்றைக் கீபோர்டில் மாட்டினால் கொஞ்சம் மிதித்ததுமே சத்தம் மொத்தமாகப் பாய்ந்துவிடும், நடுவில் நிற்கத் தெரியாது. ஸ்டீரியோவில் போனால் இரட்டை வயர், இரட்டை இரைச்சல். கீபோர்டு பழசாகி, பின்னால் எக்ஸ்பிரஷன் ஓட்டையே இல்லையென்றால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள், அப்போதும் கீபோர்டுக்கென்று கேட்டு வாங்குங்கள். ஓட்டை இருந்தால் எக்ஸ்பிரஷன்தான். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி அதன் உள் வயர் மாறும். உங்கள் கீபோர்டையே கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் மாட்டி, மிதித்துப் பார்த்து வாங்குங்கள்.

நான் தூக்கிக்கொண்டுதான் போனேன். கடைக்காரரும், "மாட்டி ஒருவாட்டி செக் பண்ணிடலாமா ஸ்வாமி?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். ஏன் தெரியுமா? முதல் மிதி அம்மன் முன்னால்தான் மிதிக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். கடையில் மிதித்தால் அது எச்சில் மாதிரி. வாங்கிய பெடலின் அட்டைப்பெட்டியைக்கூட வெள்ளிக்கிழமை வரை நான் பிரிக்கவில்லை.

சிரிக்கிறீர்கள். நீங்கள் புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைக்கவில்லையா? வைத்துவிட்டு பிரேக்கைப் பார்த்திருப்பீர்கள். நான் எலுமிச்சம்பழத்தை மட்டும் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். கோயில் மேடை, செருப்புக் கிடையாது. குருக்கள் கையால் பெடலுக்கு விபூதி, குங்குமம், ஒரு முழம் பூ. காலைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். கூட்டம் நிறைந்திருந்தது. பாபு கடைசி வரிசைக்குப் பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கையில் போன். சரளா என் பக்கம் திரும்பி, "அண்ணா, பாத்துக்கோ," என்றாள். தலையாட்டினேன். பெரிய வீரன் மாதிரி.

பாட்டு தொடங்கியது. அவள் வாயைத் திறக்கிறாள், நான் அடங்கவேண்டும், குதிகாலை அழுத்தினேன். ஸ்ட்ரிங்ஸ் மணல் லாரி மாதிரி உறுமிக்கொண்டு அவள் மேல் ஏறியது. திடுக்கிட்டு முன்காலை அழுத்தினேன். செத்தது. அவள் மூச்சு வாங்குகிற இடைவெளியில் நான் நிரப்பவேண்டும், முன்காலை இன்னும் அழுத்துகிறேன், ஊமை. பெடல் தலைகீழாக வேலை செய்தது. அதன் அடியில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது, அதைத் தள்ளினால் சரியாகிவிடும் என்பது எனக்கு அடுத்த நாள்தான் தெரியும்.

சரளா ஒரு பார்வை பார்த்தாள். பதினைந்து வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. கோபம் இருந்தால் தாங்கிக்கொள்வேன். அது கோபம் இல்லை.

முதல் சரணம் முழுக்கக் காலைத் தலைகீழாகப் பழக்கப் பார்த்தேன். கால் கேட்கவில்லை. வயரைப் பிடுங்கலாமா? பிடுங்கினால் சத்தம் எந்த அளவில் நிற்கும் என்று தெரியாது. உச்சியில் நின்றுவிட்டால் அவள் கதை அத்தோடு முடிந்தது. அப்போதுதான் தோன்றியது. சாமான் தலைகீழ் என்றால் சாமானையே திருப்பி வைத்தால் என்ன? முன்பக்கம் பின்பக்கமானால் முன்காலும் குதிகாலும் மாறிவிடும். ஆனால் அதற்குக் கை வேண்டும். இரண்டு கையையும் எடுத்துக் குனியவேண்டும். பாட்டின் நடுவில் கீபோர்டு மொத்தமாக நின்றுபோகும். மேடையில் அதைவிடக் கேவலம் கிடையாது என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

இரண்டாவது சரணத்தை அவள் எடுக்கிற நேரம் கையை எடுத்துவிட்டுக் குனிந்தேன்.

டோலக் அண்ணன் என் பக்கத்தில். நான் பொத்தென்று தலையைக் கீழே கொண்டுபோனதைப் பார்த்து, எனக்குச் சாமி வந்துவிட்டது என்று நினைத்து அவர் கை நின்றது. அதைப் பார்த்துப் பேடும் நின்றது. மொத்த மேடையும் அடங்கிவிட்டது. சரளா மட்டும் பாடினாள்.

கீழே ஸ்டாண்டுக்கு அடியில் என் கால், குங்குமம், வயர், நசுங்கின பூ. பெடலைத் திருப்பினேன். வயர் நீளமாக இருந்ததால் பிழைத்தேன். அந்த நேரத்தில் மேலே அவள் குரல் கேட்டது. பதினைந்து வருஷம் கூட வாசித்தவன், அன்றுதான் அவள் பாடிக் கேட்டேன். நூல் மாதிரிதான் இருந்தது. ஆனால் குறுக்கே எதுவும் இல்லாததால் அந்த நூல் கூட்டத்தின் மேல் நேராகப் போய்க் கடைசி வரிசையைத் தொட்டது. பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தியது எனக்குக் கீழேயே தெரிந்தது.

இங்கேதான் எட்டு வருஷமாக என்னை அரிக்கிற விஷயம் இருக்கிறது. பெடலைத் திருப்ப ஒரு வரி போதும். அவள் பாடியது நான்கு வரி. மீதி மூன்று வரிக்கு நான் எழவில்லை. எழக்கூடாது என்று முடிவு செய்து, தலையைக் குனிந்தபடியே இருந்தேன். எழுந்தால் மறுபடி வாசிப்பேனே! நான்காவது வரி முடிகிற இடத்தில் எழுந்து, கையை வைத்து, முன்காலை மெதுவாக, மெதுவாக அழுத்தினேன். ஸ்ட்ரிங்ஸ் அவள் குரலுக்குக் கீழே வந்து உட்கார்ந்தது, மேலே ஏறவில்லை.

முன்வரிசையில் ஒரு அம்மா "தாயே!" என்று கத்தினார். பத்துப் பேர் குலவை போட்டார்கள். கற்பூரம் ஏற்றினார்கள்.

பாட்டு முடிந்ததும் பாபு ஓடி வந்தான். கண் கலங்கியிருந்தது. சரளா அவனுக்குப் பின்னால் மைக்கைப் பிடித்தபடி நின்றாள்.

"சாமியாரே, கமிட்டித் தலைவரு கேக்குறாரு. அம்மன் எறங்குனாளாய்யா உன் மேல?"

பெடல் தலைகீழ் என்று சொல்ல வாய் வரை வந்தது. சரளா முகத்தைப் பார்த்தேன்.

"ம்," என்றேன்.

அந்த ஒரு எழுத்துதான் என் பாவம். வேறு பொய் நான் மேடையில் சொன்னதில்லை, பாட்டுத் தெரியும் என்று சொன்னதைத் தவிர.

போன் சித்தூருக்குப் போகவில்லை. அம்மனே குரல் கொடுத்த பாடகி வேண்டும் என்று கமிட்டிகள் கேட்டு வந்தன. கூடவே என் தலையெழுத்தும் வந்தது. பாபு கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்: அந்தச் சரணத்தில் நான் குனியவேண்டும், எல்லோரும் நிறுத்தவேண்டும். மேடைக்கு மேடை குனிந்தேன். திருப்புவதற்கு ஒன்றும் இல்லை, சும்மா பெடலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நான்கு வரி கழித்து எழுவேன். என் முழங்கால் போனதற்கு டாக்டர் என்னென்னவோ காரணம் சொல்கிறார். எனக்குக் காரணம் தெரியும்.

அந்தக் காலத்தில் ஒன்று நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். புத்தலப்பட்டில் ஒரு கல்யாணம். கனம் குறைவாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டு ஒரு பிளாஸ்டிக் பெடல் வாங்கிப் போயிருந்தேன். ஜமுக்காளத்தின் மேல் அது வழுக்கிக்கொண்டு முன்னால் போனது. விட மனசில்லாமல் நானும் காலை நீட்டி நீட்டிப் பின்தொடர்ந்தேன். மூன்றாவது பாட்டில் நாற்காலியிலிருந்து விழுந்தேன். அதற்கும் சிலர் கும்பிட்டார்கள். ஆகவே கனமான இரும்புப் பெடலாக வாங்குங்கள். அடியில் ரப்பர் இருக்கட்டும். குறைந்தபட்ச சத்தத்துக்கு ஒரு குமிழ் இருக்கும், முழு ஊமை ஆகாதபடி அதை வைத்துக்கொள்ளுங்கள். ஊமையாக வேண்டிய இடத்தில் கையை எடுங்கள், காலை நம்பாதீர்கள்.

மேடை ஏறுவதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. சரளாவும் கச்சேரியை விட்டுவிட்டாள், மகள் வேலைக்குப் போகிறாள். இதை எழுதட்டுமா என்று அவளைக் கேட்டேன்.

"தாராளமா எழுதுண்ணா. நான் இனிமே எந்தக் கமிட்டிக்கும் பதில் சொல்லத் தேவையில்ல. நீ கீழ போனப்போ எனக்கு மூச்சே நின்னுச்சு தெரியுமா? நாமளும் நின்னா அவ்ளோதான்னு கண்ண மூடிக்கினு பாடிட்டேன். அத மறக்காம எழுது. பாடுனது நான்."

எழுதிவிட்டேன் தாயே.

பாபு இப்போது வடமாலபேட்டையில் டிபன் கடை வைத்திருக்கிறான். அவனிடமும் போய் உட்கார்ந்தேன். இட்லியைத் தொடவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு, பெடல் தலைகீழாக இருந்தது, அம்மன் பேரில் பொய் சொன்னேன், உன்னை ஏமாற்றினேன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் சாம்பார் வாளியைக் கீழே வைக்கவில்லை.

"எனக்குத் தெரியும்யா."

"இன்னா தெரியும்?"

"அன்னைக்கு சாமானு கட்டுனது யாரு? நான்தானே. பெடலு திரும்பிக்கினு கெடந்துச்சு. அம்மன் வந்து பெடலத் திருப்பி வெச்சிட்டா போவா?"

"தெரிஞ்சுக்கினேதான் எனக்கு ஊரு ஊரா குனிய வெச்சியா? என் முட்டி போச்சேடா பாவி!"

"இன்னா பண்றது சாமியாரே? நீ வாசிக்காத எடம் மொத்தப் புரோக்ராம்ல அது ஒண்ணுதான். அங்கதான் நல்லா இருந்துச்சு."

சாம்பார் ஊற்றிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டான்.

கோயிலுக்குப் போய் அபராதமாக ஒரு தேங்காய் உடைத்தேன். அம்மன் மன்னித்தாளா என்று தெரியாது. அவள் அன்றைக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. மூன்று வரி எழாமல் இருக்கிற புத்தி எனக்குச் சொந்தமாக வந்தது என்று என்னை அறிந்தவர் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் அது அவளுக்கும் எனக்கும் உள்ள பேச்சு. மேடைக் கதையில் அதைச் சேர்க்கவேண்டாம்.

ஏனென்றால் இந்தக் கதை ஏற்கெனவே கெட்டுப்போய்த்தான் சுற்றுகிறது. போன மாதம் கேட்டதில் மேடையில் பாம்பு வந்ததாம், நான் மயங்கி விழுந்தேனாம், கீபோர்டு தானாக வாசித்ததாம். உங்கள் வாட்ஸ்அப்பில் போடுங்கள், வேனில் போகும்போது சொல்லுங்கள், புதிதாக வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். இப்படியே சொல்லுங்கள். பாம்பைச் சேர்க்காதீர்கள். சுவிட்சை விட்டுவிடாதீர்கள். 'ம்' என்றதையும் விடாதீர்கள்.

அந்தச் சரணத்தில் குனிவதை நிறுத்தச் சொல்லவில்லை. குனியுங்கள். பெடல் சரியாகத்தான் இருக்கும், அதனால் பரவாயில்லை. பக்கத்தில் ஒருத்தி பாடிக்கொண்டிருப்பாள். நான்கு வரி முடிகிற வரை எழாதீர்கள்.